பிட்ஸ்பர்க்கில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு: உங்கள் பெற்றோருக்குப் பேருந்து ஏறக் கற்றுக்கொடுங்கள்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

நான் மதுரையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். 2023 மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை அமெரிக்காவில் உங்கள் ஊரான பிட்ஸ்பர்க்கில், ஸ்குவிரல் ஹில் பகுதியில், என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அப்போதே எழுத நினைத்த மடல் இது. என் தெருவில் குடியிருக்கும் தோழி ஒருவர் தம் மகனோடு ஆறு மாதம் அதே ஊரில் இருந்துவிட்டுச் சென்ற மாதம் திரும்பி வந்தார். என்னென்ன பார்த்தீர்கள் என்று ஆவலோடு கேட்டேன். பெருமாள் கோயில், காஸ்ட்கோ, ஒருமுறை நயாகரா என்று சொல்லிவிட்டு, "வீடு நல்ல வசதிங்க, ஆனா அங்கெல்லாம் கார் இல்லாம வாசல்படி தாண்ட முடியாதே" என்றார். அவர் இருந்த வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் நான்கு நிமிட நடை. அதை அவருக்கு யாரும் காட்டவில்லை. அந்த மகன் அன்பில்லாதவர் அல்லர். தாயை விமானத்தில் ஏற்றும்போது அழுதவர். பேருந்து என்பது அவர் நினைவிலேயே இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெற்றோரை அழைத்திருக்கும் நாட்களில், அவர்கள் வந்து இறங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள், வீட்டுப் பக்கத்து நிறுத்தத்திலிருந்து பேருந்து ஏறிப் போய்த் தாமாகவே திரும்பி வர அவர்களைப் பழக்கிவிடுங்கள்.

அமெரிக்காவில் கார் இல்லாமல் முடியாது என்பது பல ஊர்களுக்குப் பொருந்தும் உண்மைதான். பிட்ஸ்பர்க்கின் கதை வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் வாழ்வோர் 3,02,971 பேர். மதுரையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கார் வருவதற்கு முன்பே வளர்ந்த ஊர் அது. ஆற்றங்கரையில் இரும்பு ஆலைகளும் மேட்டில் தொழிலாளர் வீடுகளுமாக எழுந்ததால், நடந்துபோய் வாங்கக்கூடிய தொலைவில் கடைத்தெருவும், மலையேற்றி இறக்கும் இழுவை வண்டியும், தெருவோடு ஓடும் டிராமும் அங்கே தொடக்கத்திலேயே தேவைப்பட்டன. அந்தப் பழைய தடங்களின் மேல்தான் இன்றைய பேருந்துகளில் பல ஓடுகின்றன. ஸ்குவிரல் ஹில், ஓக்லாண்ட், ஷேடிசைட், டார்மான்ட் போன்ற பகுதிகளில் வாழும் உங்களுக்கு இது தெரியும். தெரிந்தும், உங்கள் பெற்றோருக்கு இது ஆகாது என்று நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள்.

நான் போய் இறங்கிய முதல் பதினெட்டு நாட்கள் எப்படிப் போயின என்று சொல்கிறேன். காலை எட்டரைக்கு மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பேத்தியைக் காப்பகத்தில் விட்டுவிடுவார்கள். மாலை மூன்றரைக்குத்தான் அவள் வீடு திரும்புவாள். இடைப்பட்ட ஏழு மணி நேரத்தில் சமையல் ஒரு மணி நேரம், தூக்கம் ஒரு மணி நேரம், மிச்சமெல்லாம் முன்னறைச் சன்னல். எதிர்வீட்டு மேப்பிள் மரத்தில் எத்தனை அணில் என்பதுவரை எனக்குத் தெரிந்தது. மாலையில் மகள் வந்து, "அம்மா, எங்காவது போகலாமா?" என்று கேட்பாள். அவள் முகத்தில் நாள் முழுக்க உழைத்த களைப்பைப் பார்ப்பேன். "வேண்டாம்மா, எனக்கு வீட்டில் இருப்பதே நன்றாக இருக்கிறது" என்பேன்.

பிள்ளைகளே, இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். எங்கள் தலைமுறை அதைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தது. உங்களுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற எண்ணம்தான் அப்படிப் பேச வைக்கிறது. உள்ளூரில் காய்கறிக்கும் வங்கிக்கும் மின்கட்டணத்துக்கும் யார் துணையும் இல்லாமல் நாற்பது ஆண்டுகள் போய்வந்த ஒருவர், ஒரு பால் டப்பா வாங்கவும் மகனின் ஓய்வு நேரத்தை எதிர்பார்த்திருக்கும்போது, அவருக்குள் ஏதோ ஒன்று சிறுத்துப் போகிறது. அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

பத்தொன்பதாம் நாள், ஒரு சனிக்கிழமை, என் மகள் என் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தாள். கனெக்ட் கார்டு என்று பெயர். மரே அவென்யூவில் உள்ள ஜயண்ட் ஈகிள் கடையிலேயே அதற்குப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். ஏறும்போது ஓட்டுநர் அருகிலுள்ள கருவியில் அதைத் தொட்டால் போதும், 2.75 டாலர் கழியும். அதன் பிறகு மூன்று மணி நேரத்துக்குள் எந்தப் பேருந்தில் மாறி ஏறினாலும் மறுபடி கட்டணம் இல்லை. கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு ஏறினால் சரியான தொகையைப் போட வேண்டும். ஓட்டுநர் சில்லறை தர மாட்டார். அந்த மூன்று மணி நேரச் சலுகையும் கிடைக்காது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் முதல் பயணத்திலேயே மனம் சலித்துப் போகிறார்கள். ஆகவே அட்டையை முதலிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து அவள் சொல்லிக் கொடுத்தது இரண்டே சொற்கள்: இன்பவுண்ட், அவுட்பவுண்ட். நம் ஊர்ப் பேருந்தில் போகும் ஊர்ப் பெயரைத்தான் தேடுவோம். அங்கே நகரின் நடுப்பகுதியான டவுன்டவுனை நோக்கிப் போவது இன்பவுண்ட், அங்கிருந்து வெளியே வருவது அவுட்பவுண்ட். சாலையின் இந்தப் பக்கத்து நிறுத்தத்தில் நின்றால் ஒன்று, எதிர்ப்பக்கத்தில் நின்றால் மற்றொன்று. இது பிடிபட்டுவிட்டால் பாதி ஊர் பிடிபட்டுவிடும். நிறுத்தத்துப் பலகையில் தட எண்களோடு அந்த நிறுத்தத்துக்கென ஓர் எண்ணும் எழுதியிருக்கும். கைபேசிச் செயலியில் பார்த்தால் அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று தெரியும். இறங்க வேண்டிய இடம் நெருங்கும்போது சன்னலோரம் தொங்கும் மஞ்சள் கயிற்றை இழுத்தால் மணியடிக்கும். முன்னிருக்கைகள் முதியோருக்கானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறும்போது வண்டியின் முன்பகுதியே நடைபாதையளவுக்குத் தாழ்ந்து கொடுக்கும். நான் கேட்காமலே, என் நடையைப் பார்த்து, அதைத் தாழ்த்தித் தந்த ஓட்டுநர்கள் பலர். இறங்கும் ஒவ்வொருவரும், பின்வாசல் வழியாக இறங்குபவர்கள்கூட, ஓட்டுநருக்குக் கேட்கும்படி "தேங்க் யூ" என்று உரக்கச் சொல்லிவிட்டு இறங்குவது அந்த ஊர் வழக்கம். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பிறகு நானும் சொன்னேன். அந்நிய ஊரில் நான் வாய்திறந்து பேசிய முதல் சொற்கள் அவை என்று இன்று தோன்றுகிறது.

கற்றுக்கொடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். முதல் பயணத்தில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவதில் நான்கு இருக்கை தள்ளிப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கயிற்றை இழுக்கும் நேரத்தை என்னிடமே விட்டுவிட்டாள். மூன்றாவதில் என்னை ஏற்றிவிட்டு, ஓக்லாண்டில் நூலக வாசலில் காத்திருந்தாள். நான்காவது பயணம் நான் மட்டுமே. ஒரு குழந்தைக்கு மிதிவண்டி பழக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் பொறுமைதான் தேவை. இரண்டு சனிக்கிழமைகளில் முடிந்துவிட்டது.

தவறு நடக்காதா என்று கேட்பீர்கள். நடந்தது. ஸ்குவிரல் ஹில்லின் நடுச் சந்திப்பான ஃபோர்ப்ஸ், மரே முனைக்கு 61 என்ற எண்ணில் நான்கு தடங்கள் வருகின்றன: 61ஏ, 61பி, 61சி, 61டி. டவுன்டவுனுக்குப் போகும்போது எதில் ஏறினாலும் ஒன்றுதான். திரும்பி வரும்போதுதான் வேறுபாடு. சியும் டியும் அந்த முனையில் திரும்பி மரே அவென்யூ வழியாக இறங்கும். ஏயும் பியும் ஃபோர்ப்ஸ் அவென்யூவிலேயே கிழக்கே நேராகப் போய்விடும். எங்கள் வீடு மரே அவென்யூவின் கீழ்ப்பகுதியில் இருந்தது. ஜூலை மாதத்து மாலையொன்றில், எண்ணை மட்டும் பார்த்து எழுத்தைப் பார்க்காமல் 61பியில் ஏறிவிட்டேன். வண்டி வழக்கமான முனையில் திரும்பாமல் நேரே போயிற்று. கடைகள் மறைந்தன, இருபுறமும் மரங்கள் அடர்ந்தன, திடீரென்று ஒரு நீண்ட பாலத்தின் மேல் வந்துவிட்டோம். கீழே ஆழமான பள்ளத்தாக்கு. எனக்குக் கை நடுங்கியது.

அந்தப் பாலத்தின் பெயர் ஃபெர்ன் ஹாலோ என்று பிறகு தெரிந்தது. உங்களில் பலருக்குப் பேருந்து என்றாலே நினைவுக்கு வரும் பாலமும் அதுதான். 2022 ஜனவரி 28ஆம் நாள் விடியற்காலையில், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த பழைய பாலம் இடிந்து விழுந்தது. அப்போது அதன்மேல் போய்க்கொண்டிருந்தது ஒரு 61பி பேருந்து. சிலர் காயமடைந்தார்கள், ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதே ஆண்டின் இறுதிக்குள் புதுப் பாலம் கட்டித் திறந்தார்கள். இடிந்த அந்தப் பாலத்தின் படத்தைக் காட்டித்தான் என் மருமகன், "அத்தை, பஸ் எல்லாம் வேண்டாமே" என்று முதலில் தயங்கினார். அவருடைய அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அன்று அந்தப் பாலத்தில் கார்களும்தான் விழுந்தன. பராமரிப்பில்லாத பாலம் பேருந்தென்றும் காரென்றும் பார்ப்பதில்லை.

அன்று நான் செய்தது இதுதான். எழுந்து முன்னால் போய், வீட்டு முகவரி எழுதிய தாளை ஓட்டுநரிடம் காட்டினேன். அவர் படித்துப் பார்த்து, அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்தில் நிற்கும்படி கையால் காட்டினார். நான் பத்திரமாகக் கடந்து முடிக்கும்வரை வண்டியை எடுக்கவில்லை. ஒன்பது நிமிடத்தில் எதிர்வண்டி வந்தது. அட்டையைத் தொட்டேன், மூன்று மணி நேரக் கணக்கில் கட்டணமே இல்லை. ஃபோர்ப்ஸ், மரே முனையில் இறங்கி, 61டிக்காகக் காத்திருக்காமல் நடந்தே வீடு சேர்ந்தேன். மகளிடம் அன்று இரவே சொன்னேன். அவள் பயந்துபோய் இனிப் போகவே கூடாது என்று சொல்லியிருந்தால் என் ஆறு மாதமும் அங்கேயே முடிந்திருக்கும். அவள் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் பெரிதாக "சி, டி மட்டும்" என்று எழுதி என் கைப்பைக்குள் வைத்தாள். வழி தவறி வரும் பெற்றோரிடம் அப்படி நடந்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதன்பின் வாரத்தில் மூன்று நாட்கள் ஓக்லாண்ட் எனக்குச் சொந்த ஊர்போல ஆயிற்று. அங்குள்ள கார்னகி நூலகம் 1895இல் திறக்கப்பட்டது. வாசலுக்கு மேலே கல்லில் "மக்களுக்கு இலவசம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். அந்தச் சொற்களின் கீழே, யாரும் என்னை யாரென்று கேட்காமல், நான் உள்ளே போய் உட்கார்ந்து மூன்று மணி நேரம் படித்திருக்கிறேன். நடந்துபோகும் தொலைவிலேயே கதீட்ரல் ஆஃப் லேர்னிங் என்ற நாற்பத்திரண்டு மாடிப் பல்கலைக்கழகக் கட்டடம் நிற்கிறது. வெவ்வேறு நாட்டுப் பண்பாட்டைக் காட்டும் வகுப்பறைகள் அதனுள் இருக்கின்றன. இந்திய அறையை நாளந்தாவின் முற்றத்தை அடியொற்றி அமைத்திருக்கிறார்கள். அந்தச் செங்கல் சுவரைத் தொட்டுப் பார்த்தபடி நான் நின்றபோது, வரலாற்றுப் பாடத்தில் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய ஒரு சொல் கையில் தட்டுப்பட்டதுபோல் இருந்தது. என் மகள் அதே ஊரில் ஒன்பது ஆண்டுகளாக வாழ்கிறாள்; அந்த அறையை அவளுக்குக் காட்டியது நான்தான்.

இன்னொரு பயணத்தை விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ஒரே அட்டையில் அந்த ஊர் எவ்வளவு தருகிறது என்பதற்கு அதுவே சான்று. காலை பத்து மணிக்கு 61சி பிடித்து டவுன்டவுன் போனேன். அங்கிருந்து, 'T' என்ற ஆங்கில எழுத்தால் 'டி' என்று அவர்கள் அழைக்கும் ரயில். ஊர் நடுவில் நிலத்தடியில் ஓடும் அந்த ரயிலில், டவுன்டவுன் நிலையங்களுக்குள்ளும், அலெகெனி ஆற்றுக்கு அடியில் 2012இல் திறந்த சுரங்கத்தின் வழியாக வடகரைக்குப் போகும்வரையிலும் கட்டணமே கிடையாது. நான் போனது தெற்கே. மனாங்கஹேலா ஆற்றின் மேல் ரயில் பாலத்தைக் கடந்து ஸ்டேஷன் ஸ்குயர் நிலையத்தில் இறங்கினேன். சாலையைத் தாண்டினால் மலையடிவாரம். அங்கே நிற்கிறது மனாங்கஹேலா இன்க்லைன், 1870ஆம் ஆண்டிலிருந்து மலைமேல் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் இழுவை வண்டி. பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு அதைப் பற்றி எதுவும் விளக்கத் தேவையில்லை. ஒரு பெட்டி ஏறும்போது மற்றொன்று இறங்கும், கம்பிவடம் இழுக்கும், நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும். எதிரே இறங்கும் பெட்டியிலிருந்து ஒரு சிறுவன் எனக்குக் கையசைத்தான். அதற்கும் அதே கனெக்ட் கார்டுதான். சுற்றுலாவுக்கென்று செய்த பொம்மையன்று அது. மேட்டில் குடியிருப்பவர்கள் இன்றும் அதில்தான் வேலைக்கு இறங்குகிறார்கள்.

மேலே கிராண்ட்வியூ அவென்யூ. அந்த முகட்டுச் சாலையில் மேற்கே மெல்ல நடந்தால், வடக்கிலிருந்து வரும் அலெகெனியும் தெற்கிலிருந்து வரும் மனாங்கஹேலாவும் சேர்ந்து ஒஹையோ ஆறாகப் புறப்படும் கூடுதுறையை முழுதாகப் பார்க்கலாம். முனையில் ஒரு நீரூற்று. இருபுறமும் மஞ்சள் வண்ணப் பாலங்கள். சாலையின் மறுகோடியில் டுகேன் இன்க்லைன் இருக்கிறது. 1877இல் தொடங்கிய அதை 1962இல் மூடிவிட்டார்கள். அந்தப் பகுதி மக்களே பணம் திரட்டி அடுத்த ஆண்டே மறுபடி ஓடச் செய்தார்கள். தங்களுக்கு வேண்டிய வண்டியைத் தாங்களே காப்பாற்றிக்கொண்ட அந்த மக்களை நினைத்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். மாலை மூன்றேகாலுக்கு வீட்டில் இருந்தேன். பேத்தி வரும்போது கதவைத் திறந்தது நான்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, கவனமாக இருக்க வேண்டியவற்றை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியவள் ஆக மாட்டேன். வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாட்டில், சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அறுபதாண்டுப் பழக்கம் எங்களை வலப்பக்கம்தான் பார்க்கச் சொல்லும். பக்கத்தில் நின்று பத்து முறையாவது பழக்குங்கள். சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்ப அங்கே பல இடங்களில் அனுமதி உண்டு என்பதையும் சொல்லுங்கள். பச்சை விழுந்த அதே நொடியில், எதிரே வரும் காருக்கு முன்பாக இடப்பக்கம் சட்டென்று திரும்பிவிடும் பழக்கம் அந்த ஊர் ஓட்டுநர்களிடம் இருக்கிறது. அதற்கு ஊர்ப் பெயரையே வைத்து 'பிட்ஸ்பர்க் லெஃப்ட்' என்கிறார்கள். அவர்களுக்குள் அது மரியாதையாக விட்டுக்கொடுக்கும் வழக்கம். நடைபாதைக் குறியை நம்பிக் காலெடுத்து வைக்கும் வெளியூர் முதியவருக்கு அது ஆபத்து. ஓக்லாண்டில் ஃபிஃப்த் அவென்யூவைக் கடப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாகச் சொல்ல வேண்டும்: கார்கள் ஒரே திசையில் ஓடும் சாலை அது, ஆனால் எதிர்த்திசையில் பேருந்துக்கு மட்டும் தனித்தடம் உண்டு. ஒருவழிச் சாலைதானே என்று ஒரு பக்கம் மட்டும் பார்த்து இறங்கினால் மறுபக்கத்திலிருந்து பேருந்து வரும்.

அடுத்தது படிக்கட்டு. நகராட்சிக்குச் சொந்தமான படிக்கட்டு வழிகள் எழுநூற்றுக்கும் மேல் இருக்கின்றன அந்த ஊரில். அவற்றில் பலவற்றுக்குத் தெருப் பெயரே உண்டு. கைபேசி வரைபடத்தில் சாதாரணத் தெருவைப் போலவே தெரியும். எட்டு நிமிட நடை என்று காட்டியதை நம்பிப் போய், செங்குத்தாக ஏறும் நூற்றுக்கணக்கான படிகளின் அடியில் நான் நின்றிருக்கிறேன். கைப்பிடிக் கம்பி துருப்பிடித்திருந்தது. திரும்பி நடந்து சுற்றுவழியில் போனேன். உங்கள் பெற்றோர் முதல்முறை போகும் ஒவ்வொரு வழியையும் ஒருமுறை நீங்களே நடந்து பார்த்துவிடுங்கள்; அந்த ஊரில் தூரத்தைவிட ஏற்றம்தான் முழங்காலைக் கேட்கும். பனிக்காலத்தில் தனியாக அனுப்ப வேண்டாம். அழைப்பதை மே முதல் அக்டோபர் வரை வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

பேருந்து உதவாத இடங்களும் உண்டு. பென் ஹில்ஸ் குன்றின்மேல் இருக்கும் வேங்கடேசுவரர் கோயில், அமெரிக்காவில் எழுந்த முதல் இந்துக் கோயில்களில் ஒன்று. 1970களில் நம்மவர்கள் கைப்பொருள் போட்டுக் கட்டியது. அதன் வாசல்வரை கொண்டுபோய் விடும் பேருந்து எதையும் நான் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கே நீங்கள்தான் காரில் அழைத்துப் போக வேண்டும். கிரான்பெரி போன்ற வெளிப்புற ஊர்களில் வீடு வாங்கியிருப்பவர்களுக்கு என் மடல் பயன்படாது என்று எண்ண வேண்டாம். தெற்குப் பக்கம் சவுத் ஹில்ஸ் வில்லேஜ் நிலையத்தில் பெரிய கார் நிறுத்தகம் இருக்கிறது. 'டி' ரயிலின் தடங்கள் முடியும் நிலையங்களில் அதுவும் ஒன்று. மற்றத் திசைகளிலும் காரை நிறுத்திவிட்டுப் பேருந்து ஏறும் இடங்கள் உண்டு. வாரம் ஒருமுறை வேலைக்குப் போகும் வழியில் பெற்றோரை அங்கே இறக்கிவிட்டு, மாலையில் அதே இடத்தில் ஏற்றிக்கொண்டால் போதும்.

தாய்மார்களைப் பற்றித் தனியாக ஒரு சொல். அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தால் அம்மாவை அவர் அழைத்துப் போவார் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஊரிலேயே கணவர் துணையில்லாமல் போய்ப் பழகாத பெண்கள் எங்கள் தலைமுறையில் நிறையப் பேர். வாழ்நாளில் முதல்முறையாகத் தனியாக ஒரு பேருந்தில் ஏறி, தனக்குப் பிடித்த இடத்தில் இறங்கி, தன் விருப்பப்படி திரும்பி வர அவர்களுக்கு அறுபத்தைந்தாம் வயதில் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. அட்டை இருவருக்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

உங்களிடம் மற்றொரு வேண்டுகோளும் உண்டு. இதை வெளியூர்க்காரி சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 2025 மார்ச்சில், பணப் பற்றாக்குறையால் உங்கள் ஊர்ப் போக்குவரத்துச் சேவையில் 35 விழுக்காட்டைக் குறைக்கவும், நாற்பதுக்கும் மேற்பட்ட தடங்களை நிறுத்தவும், கட்டணத்தை உயர்த்தவும் ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. பிறகு, கட்டுமானத்துக்கும் புதுக் கருவிகளுக்கும் ஒதுக்கிய பணத்தை அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொள்ள மாநில அரசு இசைந்ததால், வெட்டு இரண்டாண்டு காலத்துக்குத் தள்ளிப்போனது. நீங்கவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது. வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருக்கும் உங்களுக்கு இந்தச் செய்தி கண்ணில் படாமலே போயிருக்கலாம். என்னோடு 61சியில் தினமும் வந்த மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளரான பெண்மணிக்கு வேறு வழியில்லை. ஆறு மாதத்தில் ஒருமுறைகூட அவர் காரில் வந்து நான் பார்த்ததில்லை. விருந்தாளியாக வரும் எனக்கும் வேறு வழியில்லை. அந்தப் போக்குவரத்து நிர்வாகமும் உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் கருத்துக் கேட்கும்போது, எங்கள் பெற்றோரும் இந்தப் பேருந்தில்தான் போகிறார்கள் என்று நீங்கள் எழுதினால் அது பொய்யாக இருக்கக் கூடாது. அதற்காகவாவது முதலில் எங்களை ஏற்றிவிடுங்கள்.

வருகிற சனிக்கிழமை காலையிலேயே தொடங்கலாம். கைபேசியில் தரவு வசதியுள்ள உள்ளூர் எண் இருக்கட்டும். ஒரு தாளில் வீட்டு முகவரி, உங்கள் இருவர் எண்கள், வீட்டுக்குத் திரும்பும் தட எண், அதன் எழுத்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஆங்கிலத்திலும், அவர்கள் படிப்பதற்காகத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள். அவசரத்துக்கு 911 என்று சொல்லி வையுங்கள். இறங்கியதும் கூப்பிடச் சொல்லுங்கள், ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் கூப்பிடாதீர்கள். பையில் மணியடிக்கும் கைபேசியைத் தேடும் பரபரப்பில்தான் நான் ஒருமுறை என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

நான் கிளம்பும் நாளில் என் அட்டையில் பதினோரு டாலர் மீதமிருந்தது. மகள் வீட்டுச் சமையலறை இழுப்பறையில், "சி, டி மட்டும்" என்று எழுதிய தாளோடு சேர்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உங்களில் யாருடைய அம்மாவோ அப்பாவோ முதன்முதலாக அந்த ஊருக்கு வருகிறார்களென்றால், அவளிடம் சொல்லி அனுப்புகிறேன். வாங்கிக்கொண்டு போய் முதல் நான்கு பயணத்தை அதிலேயே போகட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மதுரை